வீட்டுக்குப் பின்னால் ஆர்வி பார்க் வருகிறதாம். கவுன்சிலில் போய்ப் பேசினால் பலன் உண்டா?

மணப்பாறை முறுக்கு | செவ்வாய், இரவு 9.40

டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் பெரிய புல்வெளி, அதைத் தாண்டி ஓடை. நேற்று நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த நிலத்தில் 180 வண்டிகள் நிற்கும்படி ஆர்வி பார்க் கட்ட 'ஸ்பெசிஃபிக் யூஸ் பெர்மிட்', அதாவது அந்த ஒரு பயன்பாட்டுக்கான தனி அனுமதி, கேட்டிருக்கிறார்களாம். பின்பக்கம் ஒரு வரைபடம், நிலத்தைச் சுற்றி 200 அடிக்கு ஒரு கோடு, கோட்டுக்குள் எங்கள் வீடு. அடியில் 'ஆதரிக்கிறேன்', 'எதிர்க்கிறேன்' என்று இரண்டு கட்டம், கையெழுத்து போட ஓர் இடம்.

வாட்ஸப் குழு நேற்றிலிருந்து கொதிக்கிறது. பாதிப் பேர் வீட்டு விலை போச்சு என்கிறார்கள், மீதிப் பேர் திருட்டு வரும் என்கிறார்கள். எனக்கு ஒரு பக்கமும் தீர்மானமில்லை. ஓடைதான் உறுத்துகிறது. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசலாமா? பேசினால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா? உள்ளூர் விவகாரத்தில் கை வைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

(ஊரில் இருப்பவர்களுக்கு: ஆர்வி என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி. தானாக ஓடுவதும் உண்டு, டிரக் வைத்து இழுப்பதும் உண்டு. அதை நிறுத்திக்கொள்ள இடமும் கரண்ட், தண்ணீர், சாக்கடை இணைப்பும் கொடுத்து வாடகை வாங்கும் இடம்தான் ஆர்வி பார்க்.)

ஹூஸ்டன்காரன்77 | செவ்வாய், இரவு 10.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'எதிர்க்கிறேன்' கட்டத்தில் டிக் போட்டு அனுப்புங்கள். விற்கப் போகும்போது வாங்க வருபவன் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் 180 டிரெய்லர் தெரியும்.

பூண்டுரசம் | செவ்வாய், இரவு 11.20

டெக்சஸில் வேறொரு ஊரின் ஸோனிங் கமிஷனில் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று பார்த்துக் கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கும் குழு) இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை, மாதம் ஒரு மாலை போகும், அப்புறம் கடையில் எதிர்ப்படும் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி.

முதலில் விசா. டெக்சஸ் திறந்த கூட்டங்கள் சட்டம் 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'பொதுமக்களில் ஒவ்வொருவரும்' என்கிறது. அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பேச விரும்பும் எவரையும் அது பரிசீலனைக்கு வருவதற்கு முன்போ வரும்போதோ பேச விட வேண்டும். 2019-இல் இதைத் தெளிவாக எழுதிச் சேர்த்தார்கள். கவுன்சிலைக் குறை சொல்லிப் பேசுவதையும் தடுக்க முடியாது. ஓட்டுரிமை வேறு, பேசும் உரிமை வேறு. தாராளமாகப் பேசுங்கள்.

அடுத்தது அந்தக் கட்டம். அதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சுற்றியுள்ள 200 அடிக்குள் இருக்கும் நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் எழுத்தில் எதிர்த்துக் கையெழுத்திட்டால், கவுன்சிலின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு கிடைத்தால்தான் அனுமதி நிறைவேறும். ஏழு பேர் கவுன்சில் என்றால் ஆறு பேர். நிலப்பரப்பு என்பதைக் கவனியுங்கள், தலைக்கணக்கு கிடையாது. அரை மைல் தள்ளி இருப்பவர்களிடம் இணையத்தில் வாங்கும் ஆயிரம் கையெழுத்து இந்தக் கணக்கில் சேராது. உங்கள் தெருக்கோடியில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சர்ச்சின் ஒரு கையெழுத்து சேரும்.

இன்னொன்று. வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மாற்றங்களுக்கு 2025 செப்டம்பர் முதல் அந்த 20 சதவீதத்தை 60 ஆக்கிவிட்டார்கள். ஆர்வி பார்க்கை உங்கள் ஊர் எந்தப் பக்கம் வைக்கிறது என்று நகர அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்காமல் கையெழுத்து வாங்க அலைவது வீண்.

மூன்றாவது, எங்கே பேசுவது. கவுன்சில் கூட்டத்தில் மைக் முன்னால் கொந்தளிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் சமையல் முடிந்திருக்கும். அதற்கு முந்தைய படி ஸோனிங் கமிஷன். அதற்கும் முந்தைய படி, விண்ணப்பத்தைப் படித்து அறிக்கை எழுதும் பிளானர். அவர் பெயரும் போன் நம்பரும் உங்கள் கடிதத்திலேயே இருக்கும். நாளைக் காலை கூப்பிடுங்கள். அவர் வரைவு எழுதும் நிபந்தனைகள்தான் கடைசி வரை போகும்.

கவுன்சில் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லாரையும் ஒரே வரியில் சேர்த்தால், யாராவது ஒருவர் 'ரிப்ளை ஆல்' தட்டினாலே கூட்டத்துக்கு வெளியே கலந்து பேசிய குற்றம் வந்துவிடும் என்று பயந்து ஒருவரும் பதில் போட மாட்டார்கள்.

கடலூர் பைப் | புதன், அதிகாலை 4.35

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். போர்ட் ஆர்தர் பக்கம் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) ஆலைக் கட்டுமானத்தில் பைப்பிங் இன்ஸ்பெக்டர். நான் குடியிருப்பதே ஆர்வி பார்க்கில்தான், 34 அடி ஃபிஃப்த் வீல் (டிரக்கில் மாட்டி இழுக்கும் வகை). இந்த இழையில் 'டிரெய்லர்க்காரர்கள்' என்று பேசப்படும் ஆட்களில் நானும் ஒருவன்.

பக்கத்து வண்டியில் லூசியானா வெல்டர், மனைவி, ஒரு நாய். எதிரே மருத்துவமனைக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருக்கும் நர்ஸ். கோடியில் வீட்டை விற்றுவிட்டு வந்த வயதான தம்பதி, அவர்கள் வாசலில் தக்காளித் தொட்டி. எங்களுக்கு 'பெர் டியம்' என்று தினப்படி உண்டு. ஓட்டலில் தங்கினால் கரைந்துவிடும், இங்கே தங்கினால் ஊருக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் கணக்கு.

அதற்காகக் குறையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இப்போது மணி நாலரை, எங்கள் வரிசையில் ஆறு டீசல் டிரக் ஒன்றாக உறுமிக்கொண்டிருக்கின்றன. உங்கள் படுக்கையறை வேலியை ஒட்டி இருந்தால் தூங்க முடியாது. ஆகவே சத்தத்தைப் பற்றிப் பேசுங்கள், அது நியாயம். வேலி ஓரத்தில் வண்டி வரிசை வேண்டாம், அங்கே மரமும் நடைபாதையும் வரட்டும் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று கரண்ட். ஒவ்வொரு இடத்திலும் பெடஸ்டல் என்று ஒரு கம்பம் நிற்கும், அதில் 50, 30, 20 ஆம்பியர் என்று மூன்று சாக்கெட். ஆகஸ்டில் எல்லாரும் இரண்டு ஏசி போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருக்கும் பார்க்கில் வோல்டேஜ் 104-க்குக் கீழே இறங்கிவிடும். என் வண்டியின் பாதுகாப்புப் பெட்டி அந்த இடத்தில் தானாகவே கட் பண்ணிவிடும். அது இல்லாதவர்கள் பிளக்கைக் கழற்றினால் முனை கருகி, பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டியிருக்கும். தீப்பிடிப்பது இப்படித்தான். தீயணைப்பு வண்டி போக 20 அடி அகலப் பாதை, எட்டும் தூரத்தில் ஹைட்ரண்ட் (தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் குழாய்), முழுச் சுமைக்கான மின்கணக்கு. இந்த மூன்றையும் கேட்டால் உங்களுக்கும் நல்லது, உள்ளே குடியிருக்கப் போகிறவனுக்கும் நல்லது.

ஹூஸ்டன்காரன்77 | புதன், காலை 8.10

அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் சம்பாதிக்க வந்தவர். ஆனால் எல்லாரும் அப்படியா? 30 நாளுக்கு மேல் யாரும் தங்கக் கூடாது என்று விதி போட்டால் பிரச்சினையே இல்லையே.

கடலூர் பைப் | புதன், மதியம் 12.15

அந்த விதியைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம் தம்பி. இதற்கு முன் இருந்த ஊரில் 30 நாள் வரம்பு. 29-ஆம் நாள் மேனேஜர் வந்து, 14-ஆம் இடத்திலிருந்து 52-க்குப் போங்கள் என்பார். பத்து நிமிட வேலை. புத்தகத்தில் புது வாடகைதாரர். யார் போய் எண்ணுகிறார்கள்? சொந்தமாக வண்டி நகர்த்த முடியாத கிழவிதான் மாட்டினாள். ஒவ்வொரு மாதமும் காசு கொடுத்து டிரக் கூப்பிட வேண்டியிருந்தது.

வரம்பை அங்கே கொண்டு வந்தபோது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நிலத்துக்காரருக்குக் கடிதம் போனது. சுற்றி 200 அடிக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கும் போனது. உள்ளே நூறு குடும்பம் இருந்தோம். எங்களுக்கு வந்தது துணி துவைக்கும் அறைக் கதவில் ஒட்டிய ஒரு தாள். அதுவும் தீர்மானம் நிறைவேறிய பிறகு. மணப்பாறைத் தம்பியிடம் கட்டம் போட்ட கடிதம் இருக்கிறது. எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு எங்களுக்கு அழைப்பே வருவதில்லை.

பூண்டுரசம் | புதன், மாலை 6.50

கடலூர் சொல்வதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. சட்டப்படி அறிவிப்பு போவது நகர வரிப் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கு. வரிப் பதிவேட்டில் வாடகைக்காரன் இல்லை. கூட்டத்துக்கு வருபவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்: வீட்டுக்காரர்கள், நரைத்தவர்கள், மாலை ஆறு மணிக்கு வேறு வேலை இல்லாதவர்கள். அவர்கள் பேசியதை 'ஊரின் கருத்து' என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

ஒரு இடத்தில் மட்டும் 2023-இல் இது மாறியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பயன்பாட்டை விதிமீறலாக்கிவிடும்படி ஸோனிங்கை மாற்றினால், உரிமையாளரோடு அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் கடிதம் போக வேண்டும். 'உங்கள் சொத்தை இப்போது பயன்படுத்துவதுபோல் தொடரும் உரிமையை இழப்பீர்களா என்பதை இந்த விசாரணை தீர்மானிக்கும்' என்ற பொருளில் தடித்த பெரிய எழுத்தில் அதில் இருக்க வேண்டும். இருக்கும் பார்க்கை மூட நினைக்கும் ஊர்களுக்கு இது பொருந்தும். புதிய பார்க்குக்கு நிபந்தனை எழுதும்போது பொருந்தாது. அங்கே நாளைக்குக் குடிவரப் போகிறவனுக்குப் பதில் யாராவது பேசினால்தான் உண்டு.

சான்ஹோசே மாமி | புதன், இரவு 9.30

கலிஃபோர்னியாவில் கதை கொஞ்சம் வேறு. ஆர்வி பார்க் குடியிருப்புக்கென்றே தனிச் சட்டம் உண்டு. 30 நாளைத் தாண்டினால் 'டெனன்ட்', ஒன்பது மாதம் ஆனால் 'ரெசிடென்ட்'. ஒவ்வொரு படியிலும் காலி செய்யச் சொல்வது கடினமாகிக்கொண்டே போகும். அதனாலேயே ஒன்பதாம் மாதம் தொடும் முன் கிளம்பச் சொல்லும் பார்க்குகளும் உண்டு! சட்டம் ஒரு கதவைத் திறந்தால் மேனேஜர் ஒரு ஜன்னலைச் சாத்துவார்.

பார்க் கிடைக்காதவர்கள் தெருவில் நிறுத்துகிறார்கள். மவுண்டன் வியூவில் 2019-இல் கவுன்சில் குறுகிய தெருக்களில் ஆர்வி நிறுத்தத் தடை போட்டது. எதிர்த்தவர்கள் கையெழுத்து திரட்டி அதைத் தேர்தலுக்குக் கொண்டுபோனார்கள். 2020 நவம்பரில் மெஷர் சி என்று ஓட்டுக்கு வந்து, தடையே ஜெயித்தது. வண்டியில் குடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மக்கள் பங்கேற்பு என்றால் எப்போதும் ஏழைக்குச் சாதகம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஓடைக்கரை | வியாழன், காலை 7.00

சிவில் என்ஜினீயர், வடிகால்தான் தொழில். இழை போகிற போக்கில் ஓடையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

ஆர்வி எத்தனை நாள் நிற்கலாம் என்பதற்கு 180 நாள் என்ற எண் பல ஊர் விதிகளில் இருக்கும். அதன் வேர்களில் ஒன்று மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் வெள்ளப்பகுதி விதி. அபாயப் பகுதியில் நிற்கும் ஆர்வி ஒன்று தொடர்ந்து 180 நாளுக்குக் குறைவாகவே அங்கே நிற்க வேண்டும், அல்லது பதிவு முடிந்து உடனே ரோட்டில் ஏறும் நிலையில் இருக்க வேண்டும். அதாவது சக்கரத்தின் மேலோ ஜாக்கியின் மேலோ நிற்க வேண்டும், குழாயும் வயரும் சட்டென்று பிடுங்கும்படி இருக்க வேண்டும், நிரந்தரமான திண்ணை, கூரை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் அதை வீடாகக் கருதி உயரத்தில் நிறுத்திக் கட்ட வேண்டும். தண்ணீர் வந்தால் இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு தாங்கும் என்பதை 2025 ஜூலை 4 காட்டிவிட்டது. இதே டெக்சஸில் குவாடலூப் ஆறு விடியற்காலை இருட்டில் ஏறியது. ஹன்ட் என்ற ஊர்ப் பக்கம் முக்கால் மணி நேரத்தில் 26 அடி. கெர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கரையோர ஆர்வி பார்க்குகளிலிருந்து வண்டிகள் ஆட்களோடு அடித்துக்கொண்டு போயின. ஃபிஃப்த் வீலை டிரக்கில் மாட்டி, கால்களைத் தூக்கி, குழாயைக் கழற்றி நகர்த்த பழகியவருக்கே அரை மணி ஆகும். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு?

எனவே நீங்கள் கேட்க வேண்டியவை: ஃபெமா வரைபடத்தில் எந்தெந்த இடங்கள் அபாயப் பகுதிக்குள் விழுகின்றன, வடிகால் ஆய்வில் போட்ட மழைக்கணக்கு 2018-இல் வந்த அட்லஸ் 14-ஆ பழையதா, இரவில் எச்சரிக்கை எப்படிக் கேட்கும், வெளியேற இரண்டாவது வழி உண்டா. எவர் குடிவந்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியேதான் இருக்கும்.

கழிவுநீரும் உண்டு. நகரச் சாக்கடை எட்டாத இடமாக இருந்தால் கணக்குப் பாருங்கள். ஓர் இடத்துக்கு ஒரு நாளைக்கு 50 கேலன் என்று வைத்தால்கூட 180 இடத்துக்கு 9,000 கேலன். 5,000-ஐத் தாண்டினால் சாதாரண செப்டிக் அனுமதி போதாது, மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமான டிசிஇக்யூவின் அனுமதி வேண்டும். அதற்குத் தனி அறிவிப்பு, தனிக் கருத்துக் காலம். கவுன்சிலில் தோற்றாலும் அங்கே ஒரு கதவு இருக்கிறது.

நெல்லை சீமை | வியாழன், மதியம் 1.40

இங்கிருந்து படிப்பவனுக்கு ஒரு சந்தேகம். நம்மூர் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது, தீர்மானமும் போடுகிறது. ஆனால் பஞ்சாயத்து எல்லையில் என்ன கட்டலாம் என்ற அனுமதி வேறெங்கோ ஒரு மேசையில் முடிந்துவிடுகிறது. அங்கே நகரம் சின்னதாக இருந்தாலும் இவ்வளவு அதிகாரமா?

பூண்டுரசம் | வியாழன், இரவு 8.15

நகர எல்லைக்குள் ஆமாம். எல்லையைத் தாண்டி ஓரடி வைத்தால் இல்லை. டெக்சஸ் கவுண்டிகளுக்குப் பொதுவாக ஸோனிங் அதிகாரமே கிடையாது. ரோடு, வடிகால், செப்டிக் என்று சிலவற்றைக் கேட்கலாம், 'இங்கே ஆர்வி பார்க் வேண்டாம்' என்று சொல்ல முடியாது. நகரத்தில் மறுத்தால் அதே ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, நிபந்தனை ஒன்றும் இல்லாமல் கட்டலாம். 'எதிர்க்கிறேன்' என்று டிக் போடும் முன் இதையும் யோசிக்க வேண்டும். பல ஊர்களில் மறுப்பதைவிட நிபந்தனையோடு கொடுப்பதே கவுன்சிலுக்குப் பிடியாக இருக்கிறது.

மணப்பாறை முறுக்கு | அடுத்த வாரம் புதன், இரவு 10.30

நேற்றுக் கமிஷன் கூட்டம். உங்கள் எல்லாருக்கும் நன்றி.

பிளானரைக் கூப்பிட்டேன். பொறுமையாகப் பேசினார். இதுவரை போன் செய்தவர்கள் திட்டத்தான் செய்தார்களாம், வடிகால் ஆய்வைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். சாக்கடை நகர லைன்தான், செப்டிக் இல்லை.

கூட்டத்தில் முதலில் பேசிய ஐந்து பேரும் வீட்டு விலை, திருட்டு, 'அந்த மாதிரி ஆட்கள்'. கமிஷனர்கள் தலையை ஆட்டினார்கள், ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. பிறகு என் அப்பா. ஆமாம், ஊரிலிருந்து வந்திருக்கிறார், சிட்டையில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் அந்த ஓடைக்கரையில்தான் நடக்கிறார். தமிழில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம், மூன்று நிமிடம் ஆறானது. சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகும் கல்வெர்ட்டில் பாதிவரை மண் அடைத்திருக்கிறது, பாலத்தின் பக்கச் சுவரில் பழைய வெள்ளக்கறை இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது, நீங்கள் காட்டிய வரைபடத்தில் 1 முதல் 30 வரை உள்ள இடங்கள் அந்தக் கறைக்குக் கீழே வருகின்றன என்றார். போனில் எடுத்த படத்தையும் காட்டினார். அப்போதுதான் ஒரு கமிஷனர் விண்ணப்பதாரரின் என்ஜினீயரைப் பார்த்து, கல்வெர்ட்டை முழுத் திறப்பாக வைத்துக் கணக்குப் போட்டீர்களா என்று கேட்டார். அவர் ஆமாம் என்றார். அறையே கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தது.

நான் கடலூர் அண்ணன் சொன்னதைச் சொன்னேன்: வேலியோரம் வண்டி வரிசை வேண்டாம், மின்சுமைக் கணக்கு வேண்டும், 30 நாள் வரம்பு வேண்டாம். கடைசியைச் சொன்னதும் பின்னால் இருந்து 'நீ யார் பக்கம்?' என்று ஒரு குரல். எங்கள் தெருக்காரர்தான்.

முடிவு: அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். திருத்திய வடிகால் ஆய்வு வர வேண்டுமாம்.

ஹூஸ்டன்காரன்77 | புதன், இரவு 10.50

அப்பாவுக்கு ஒரு சல்யூட். வரம்பு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

கடலூர் பைப் | வியாழன், அதிகாலை 4.40

உடன்பாடு வேண்டாம் தம்பி, ஒரு சனிக்கிழமை போர்ட் ஆர்தருக்கு வா. மீன் குழம்பு வைக்கிறேன், 52-ஆம் நம்பர் கதையைக் கிழவியே சொல்வாள். அவளும் இப்போது எங்கள் வரிசையில்தான்.

ஓடைக்கரை | வியாழன், காலை 7.10

மணப்பாறை, திருத்திய ஆய்வு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். பழைய ஆய்வு முழுவதையும் பின்னிணைப்போடு நகரச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள், பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. தர மறுக்க நினைத்தால் 10 வேலை நாளுக்குள் அவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போக வேண்டும், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கூட்ட அறிவிப்பு இப்போது 3 வேலை நாளுக்கு முன்தான் வெளியாகும். அன்றைக்கு ஆய்வைக் கையில் வாங்கினால் படிக்க நேரம் போதாது. கிடைத்ததும் கல்வெர்ட் கணக்குப் பக்கத்தை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன். அப்பா எடுத்த படத்தில் கறை பக்கத்தில் ஒரு டேப் பிடித்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.